தானமாக வந்த மாடு இல்லை, பல்லைப் பிடித்துப் பாருங்கள்: குமரி மாவட்டத்தில் இலவச வக்கீல் கேட்பவர்களுக்கு

மண்டைக்காடு பக்கத்திலிருந்து ஒரு அக்கா வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அப்பா பெயரில் இருந்த எட்டு செண்ட் விளைக்கான, அதாவது தோட்ட நிலத்துக்கான, ஆதாரப் பத்திரம். அண்ணன்மார் பங்கு தர மாட்டேன் என்கிறார்கள், கேஸ் போட வேண்டும், வக்கீலுக்கு முன்பணம் கொடுக்கக் கம்மலை அடகு வைத்துவிட்டேன் என்றார். முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற வேலை அவருக்கு. பெண் என்கிற ஒரே காரணத்துக்காகவே அரசு செலவில் வக்கீல் கிடைக்கும், வருமானத்தைக்கூடக் கேட்க மாட்டார்கள் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. "இலவச வக்கீல்னா சும்மா பேருக்கு வந்து நிப்பாருல்லா" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்வி நியாயமானது. நான் கல்குளம் தாலுகாவில் சில வருடம் சட்டத் தன்னார்வலராக அலைந்தவன், பேருக்கு வந்து நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன், சொந்தக் கேஸ்போல உழைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவே இருக்கிற வித்தியாசம் பெரும்பாலும் கேட்கிறவர் கையில் இருக்கிறது என்பது என் அனுபவம். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். ஆனால் இது தானம் இல்லை, நம் வரிப்பணம். அதனால் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். சொந்தக் கேஸுக்காக வருகிறவர்களுக்கும், மகளிர் குழுவிலோ ஊர்க் கமிட்டியிலோ இருந்து நாலு பேருக்கு வழிகாட்டப் போகிற புதியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சிவில் கேஸ்களைப் பற்றி மட்டும். குற்ற வழக்கில் மாட்டியவர்களுக்கான ஏற்பாடு வேறு.

முதலில் தகுதி

இந்த இலவச வக்கீல் ஏற்பாட்டுக்கு அடிப்படையான சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இல் வந்தது, நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9. அதன் 12-ஆம் பிரிவில் யார் யாருக்கு என்று பட்டியல் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமைத்தனத்துக்கோ ஆளானவர்கள், பேரிடரிலோ சாதிக் கொடுமையிலோ பாதிக்கப்பட்டவர்கள். இவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. இதில் எதிலும் வராத ஒரு ஆண் என்றால்தான் வருமானக் கணக்கு வருகிறது, தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய்க்குள், கேஸ் உச்ச நீதிமன்றம் வரை போனால் அங்கே 5 லட்சம்.

பேரிடர் என்கிற வார்த்தையை நம் கடற்கரைக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2004 சுனாமியில் குளச்சல், மணக்குடி பக்கம் இழந்தவர்களும், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஓகிப் புயலில் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை, நீரோடி பக்கம் ஆளையும் படகையும் இழந்தவர்களும், அந்த இழப்பையொட்டி வருகிற வாரிசு விவகாரமோ இழப்பீட்டு விவகாரமோ எதுவானாலும் இந்த வரியைச் சொல்லி உதவி கேட்கலாம். படகுக்காரர்களில் பலருக்கு ஒரு வருட வருமானம் என்னவென்று தாளில் காட்டுவதே பெரிய பாடு.

வருமானச் சான்றிதழ் கிடைக்க வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கிறார்களே, அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். வருமானம் இவ்வளவுதான் என்று நீங்கள் கொடுக்கிற உறுதிமொழிப் பத்திரத்தையே ஏற்றுக்கொள்ளலாம் என்று 13-ஆம் பிரிவு சொல்கிறது. பொய் என்று நம்பக் காரணம் இருந்தால்தான் மேலே கேட்பார்கள். ஆனால் அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: கேஸில் முகாந்திரம் இருக்கிறது என்று ஆணைக்குழுவுக்குத் திருப்தி வர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரனை நாலு தடவை கோர்ட் ஏற வைக்க வேண்டும் என்கிற ஆசைக்கு அரசுப் பணம் கிடைக்காது.

எங்கே போவது

தலைமை இடம் நாகர்கோவில், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கிற மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. தலைவர் மாவட்ட நீதிபதி. அன்றாடம் நடத்துவது அதன் செயலாளர், அவரும் சப் ஜட்ஜ் நிலைக்குக் குறையாத நீதிபதிதான். எல்லாரும் நாகர்கோவில் போக வேண்டியதில்லை. கீழே வட்ட சட்டப்பணிகள் குழுக்கள் உண்டு, அங்கே இருக்கிற நீதிபதிகளில் மூத்தவர் தலைவர். விளவங்கோட்டுக்காரர்கள் குழித்துறை கோர்ட்டிலும், கல்குளத்துக்காரர்கள் தக்கலையில் இருக்கிற பத்மநாபபுரம் கோர்ட்டிலும் முதலில் விசாரியுங்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நாகர்கோவில் போய், "உங்க கேஸ் குழித்துறையிலல்லா வரும்" என்று திரும்பி வந்தவர்கள் நிறைய.

போக முடியாதவர்கள் 15100 என்கிற கட்டணமில்லா எண்ணைக் கூப்பிடலாம். தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இணையதளத்திலும் மனு போடலாம், எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று தேர்ந்தெடுக்கிற வசதி அதில் இருக்கிறது. இது நமக்கு ரொம்ப உபயோகம், ஏனென்றால் இங்கே பாதிப் பேர் கொச்சியில் படகிலோ திருவனந்தபுரத்தில் கட்டட வேலையிலோ இருப்பார்கள், கேஸும் சில நேரம் நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிடக்கும். அப்படியானால் கேரளத்தில் அந்த மாவட்டத்துக்குத்தான் மனு போக வேண்டும்.

மனு

வெள்ளைத்தாள் போதும். தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அங்கே இருப்பவர் எழுதிக் கைநாட்டு வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது தேசிய ஆணைக்குழுவின் 2010 விதிமுறை. பெயர், முகவரி, எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள், எதிர்த்தரப்பு யார், பிரச்சனை என்ன, என்ன வேண்டும். கதையை ஆதாம் ஏவாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். தேதிகளை வரிசையாக எழுதுங்கள், அது போதும்.

சம்மன் வந்திருந்தால் அது என்று வந்தது என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். சிவில் கேஸில் சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளில் எதிருரை, அதாவது பதில், போட வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை நீளும். நம் ஆட்கள் சம்மனை வாங்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, பெருநாள் முடியட்டும், கோயில் கொடை முடியட்டும் என்று இருந்துவிடுகிறார்கள். அப்புறம் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நீங்கள் வராததால் எதிர்த்தரப்பை மட்டும் கேட்டுக் கொடுக்கிற தீர்ப்பு, வந்தபிறகு ஓடி வருகிறார்கள். அதை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள்தான்.

நிலக் கேஸ் என்றால் இந்த மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரோடும் திருக்கொச்சியோடும் இருந்தவர்கள், அதனால் தாத்தா காலத்து மூல ஆதாரம் மலையாளத்தில் இருக்கலாம், தேதியும் கொல்லம் ஆண்டில் இருக்கும். 1110 என்று போட்டிருந்தால் பயப்பட வேண்டாம், அது 1934-35. கூட 825 அல்லது 824. அந்த ஆதாரத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாமல் கேஸ் நகராது, அதற்கு ஆகிற செலவும் சட்ட உதவிக்குள் வருகிற செலவுதான் என்று மனுவிலேயே எழுதிக் கேளுங்கள். இதோடு பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று இருக்கிறதெல்லாம் நகல் எடுத்து வையுங்கள். அசலை மனுவோடு கொடுக்காதீர்கள். இதை மூன்று தடவை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொடுத்ததும் ஒப்புகை வாங்குங்கள். உங்களிடம் இருக்கிற நகலில் தேதியும் முத்திரையும் போட்டுத் தரச் சொன்னால் போதும். மனு மீது 7 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று விதிமுறை சொல்கிறது, அந்த 7 நாளை எண்ண ஆரம்பிக்க உங்களுக்கு ஒரு முத்திரை வேண்டாமா? முடியாது என்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். செயலாளர் நிராகரித்ததை எதிர்த்துத் தலைவரிடம், அதாவது மாவட்ட நீதிபதியிடம், மேல்முறையீடு செய்யலாம்.

காசு எங்கிருந்து வருகிறது

இதைத் தெரிந்துகொள்ளாமல் வருகிறவர்கள்தான் கூனிக் குறுகி நிற்கிறார்கள். 1976-இல் அரசியலமைப்பில் 39ஏ என்கிற பிரிவைச் சேர்த்தார்கள், காசு இல்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அதற்கு அரசு இலவச சட்ட உதவி செய்ய வேண்டும் என்று. அதற்கான பணப்பெட்டிகள் மூன்று. மத்திய அரசு கொடுக்கிற மானியம் தேசிய சட்ட உதவி நிதிக்குப் போகிறது. அங்கிருந்து வருவதும், மாநில அரசு கொடுப்பதும், நன்கொடைகளும் சேர்ந்தது மாநில நிதி, அது சென்னையில் இருக்கிற மாநில ஆணைக்குழுவிடம் இருக்கும். அங்கிருந்து நாகர்கோவிலுக்கு வருவது மாவட்ட சட்ட உதவி நிதி. நீதிமன்ற உத்தரவின்படி கட்டப்படுகிற தொகைகளும் அதில் சேரலாம். அலுவலக ஊழியர் சம்பளம் இந்தப் பெட்டியிலிருந்து போவதில்லை, அது மாநில அரசின் தொகுப்பு நிதியிலிருந்து தனியாக வருகிறது.

வெளிநாட்டில் இருக்கிற நம் ஊர்க்காரர்கள் சிலர், கோயிலுக்கும் சர்ச்சுக்கும் கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. கொடுக்கலாம், சட்டமே இடம் தருகிறது, ஆனால் மாவட்ட ஆணைக்குழு மாநில ஆணைக்குழுவின் முன் அனுமதி வாங்கித்தான் பெற முடியும். எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் யார் கையிலும் கொடுக்காதீர்கள்.

இந்தப் பணத்திலிருந்து உங்கள் கேஸுக்கு என்னென்ன போகும்? கோர்ட் ஃபீஸ், சம்மன் அனுப்பும் கட்டணம், பிராது தயாரிக்கிற செலவு, தீர்ப்பு நகல், மொழிபெயர்ப்பு, வக்கீல் கட்டணம். கோர்ட் ஃபீஸ் சின்ன விஷயம் இல்லை. பணம் கேட்டுப் போடுகிற வழக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 3 ரூபாய், 2017-க்கு முன்னால் ஏழரை ரூபாயாக இருந்தது. சீட்டு பிடித்தவன் ஏமாற்றிய 5 லட்சத்தைக் கேட்டுக் கேஸ் போட 15,000 ரூபாய் முதலில் வைக்க வேண்டும் என்றால் ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் எங்கே போவார்.

வக்கீலுக்கு நிர்ணயித்த விகிதப்படி ஆணைக்குழு கொடுக்கிறது. வெளியே வாங்குகிற ஃபீஸோடு ஒப்பிட்டால் அது குறைவு. ஒளிக்காமல் சொல்ல வேண்டும், பல கோளாறுகளுக்கு வேர் இதுதான். காலையில் ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் கேஸ் கூப்பிட்டால், காசு கொடுத்த கட்சிக்காரர் கேஸுக்கு வக்கீல் ஓடுவார், உங்கள் கேஸுக்கு ஜூனியரோ குமாஸ்தாவோ வாய்தா வாங்க வருவார். கட்டணத்தை உயர்த்த வேண்டும் என்பது என் கட்சி. உயர்த்தும் வரை நாம்தான் கண்ணை விழித்துக்கொண்டு இருக்க வேண்டும்.

வக்கீல் கிடைத்தபிறகு

பேனல் வக்கீல், அதாவது ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கிற வக்கீல், என்றால் நேற்றுப் பதிவு செய்த பிள்ளை இல்லை, குறைந்தது மூன்று வருடம் பிராக்டிஸ் இருக்க வேண்டும். பேனலில் உங்களுக்கு நம்பிக்கை உள்ள ஒருவர் இருந்தால் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கலாம், கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, ஆனால் பரிசீலிக்கலாம் என்று விதி இருக்கிறது. குடும்பக் கேஸ் என்றால் பெண் வக்கீல் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

நியமன உத்தரவு நகல், வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட தேதி, கேஸ் நம்பர், அப்புறம் ஒவ்வொரு கேஸுக்கும் கோர்ட் தருகிற, எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண். இந்த நாலையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வையுங்கள். சி.என்.ஆர். எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அடுத்த வாய்தா என்று, போன வாய்தாவில் என்ன நடந்தது என்பது வரும். வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை பார்த்துச் சொல்லும். வக்கீலைத் தினமும் போனில் தொந்தரவு செய்வதைவிட இது நல்லது, அவர் சொன்னதும் செயலியில் இருப்பதும் ஒத்துப்போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனி காசு கேட்டால் என்ன செய்வது. பேனல் வக்கீல் உங்களிடம் ஃபீஸாகவோ வேறு பெயரிலோ எதுவும் கேட்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. எனக்கே இது நடந்தது. என் சித்தி கேஸுக்கு வந்த வக்கீல், "ஃபீஸ் வேண்டாம், டைப்பிங் செலவுக்கு மட்டும் ஆயிரம்" என்றார். நானே தன்னார்வலராக இருந்தும் வாயை மூடிக்கொண்டு கொடுத்தேன், கேஸைக் கெடுத்துவிடுவாரோ என்கிற பயம். அடுத்த வாய்தாவுக்கு இரண்டாயிரம் ஆனது. அப்புறம்தான் தேதியும் தொகையும் போட்டு ஒரு பக்கத்தில் புகார் எழுதிச் செயலாளரிடம் கொடுத்தோம். வேறு வக்கீல் போட்டார்கள், கேஸ் கெடவில்லை. முதல் ஆயிரம் கேட்ட அன்றே எழுதியிருக்க வேண்டும்.

தன்னார்வலருக்கும் இதே கணக்குதான். வேலை செய்த நாளுக்கு அவருக்கு ஆணைக்குழு மதிப்பூதியம் தருகிறது. உங்களிடம் பஸ் காசு கேட்க அவருக்கு உரிமை இல்லை. சாயா வாங்கிக் கொடுத்தால் குடிப்பார், அதை நான் தடுக்கவில்லை.

யார் கண்காணிப்பது

காகிதத்தில் ஏற்பாடு நன்றாகவே இருக்கிறது. ஒவ்வொரு ஆணைக்குழுவிலும் கண்காணிப்புக் குழு வேண்டும், ஒப்படைத்த கேஸ்களுக்குப் பதிவேடு வேண்டும், வக்கீல் கேஸின் முன்னேற்றத்தை அறிக்கையாகக் கொடுக்க வேண்டும், சரியில்லை என்றால் அவரிடமிருந்து கேஸை எடுத்து வேறொருவருக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்தக் குழு பார்ப்பது வக்கீல் எழுதிக் கொடுக்கிற அறிக்கையை. வக்கீல் கோர்ட்டுக்கே வராத நாளை அறிக்கையில் அவரே எழுதுவாரா? அதைப் பார்த்தவர் நீங்கள்தான். அதனால் வாய்தாவுக்கு நீங்களும் போங்கள், நோட்டில் எழுதுங்கள்: தேதி, வக்கீல் வந்தாரா, என்ன நடந்தது. மூன்று வாய்தா தொடர்ந்து கோளாறு என்றால் அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஒரு மனுவோடு செயலாளருக்குக் கொடுங்கள். "வக்கீல் சரியில்லை" என்று வாயால் சொல்வதற்கும் தேதிகளைப் போட்டு எழுதிக் கொடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அங்கே பதில் இல்லை என்றால் தலைவரான மாவட்ட நீதிபதிக்கு, அதற்கும் மேலே சென்னையில் மாநில ஆணைக்குழுவின் உறுப்பினர் செயலருக்கு. பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வக்கீலின் நடத்தை மோசம் என்றால் பார் கவுன்சிலுக்கும் போகலாம், ஆனால் அது நீண்ட பாதை, உங்கள் கேஸை அது உடனே காப்பாற்றாது.

கணக்கைப் பார்ப்பது வேறு வேலை, அதை ஒரு மகளிர் கூட்டமைப்போ ஊர் அமைப்போ எடுத்துச் செய்தால் நன்றாக இருக்கும். ஆணைக்குழுக்களின் கணக்கை இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் தணிக்கை செய்ய வேண்டும், அறிக்கை நாடாளுமன்றத்திலும் சட்டமன்றத்திலும் வைக்கப்பட வேண்டும் என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது வருகிற வேகத்துக்கு நாம் காத்திருக்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு, 30 நாளில் பதில். கேள்வியைச் சின்னதாக வையுங்கள். போன நிதியாண்டில் மாவட்ட ஆணைக்குழுவுக்கு வந்த தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, அதில் பேனல் வக்கீல் கட்டணம் எவ்வளவு, விழிப்புணர்வு முகாம்களுக்கு எவ்வளவு. சிவில் கேஸுக்கு வக்கீல் கேட்டு வந்த மனுக்கள் எத்தனை, 7 நாளுக்குள் முடிவானது எத்தனை, நிராகரித்தது எத்தனை. வக்கீலை மாற்றிய கேஸ்கள் எத்தனை. கண்காணிப்புக் குழு எத்தனை தடவை கூடியது. அவ்வளவுதான். தனி ஆளின் கேஸ் விவரம் கேட்காதீர்கள், கிடைக்காது, கேட்பதும் முறையில்லை. முகாம் செலவுக்கும் வக்கீல் கட்டணத்துக்கும் உள்ள விகிதத்தை நான் முதலில் பார்ப்பேன். பேனர் கட்டி மைக் பிடித்துக் குத்துவிளக்கு ஏற்றுவது விழிப்புணர்வு, வேண்டியதுதான், ஆனால் விழித்து எழுந்து வந்தவருக்கு வக்கீல் கிடைக்கவில்லை என்றால் அந்த விளக்கு எதற்கு.

மக்கள் நீதிமன்றம் பற்றிக் கொஞ்சம்

கேஸ் நடக்கும்போதே சமரசத்துக்குக் கூப்பிடுவார்கள். நல்ல வழி, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். ஆனால் அங்கே கையெழுத்தான தீர்வு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் அப்பீல் கிடையாது. அதனால் எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை செண்ட், எந்தப் பக்கம், வழி யாருக்கு, கிணறு யாருக்கு, எல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இஷ்டமில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம், கேஸ் பழைய கோர்ட்டுக்கே திரும்பும், உங்கள் இலவச வக்கீலும் போய்விட மாட்டார். கூட்டத்தைப் பார்த்து மிரண்டு சம்மதித்தவர்கள் அப்புறம் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள், அந்த நிலையில் நான் செய்ய ஒன்றும் இருந்ததில்லை.

கேஸ் முடிந்தால்

தீர்ப்பு நகலுக்கு அன்றைக்கே மனு போடச் சொல்லுங்கள். தோற்றிருந்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு அப்பீல் போக 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். கீழே கிடைத்த வக்கீல் மேலேயும் தானாகத் தொடர்வார் என்று நினைக்காதீர்கள், அப்பீலுக்குத் தனி மனு வேண்டும். நம் மாவட்டத்துக்கு உயர் நீதிமன்றம் என்றால் 2004-இலிருந்து மதுரைக் கிளை, அங்கேயே சட்டப்பணிகள் குழு இருக்கிறது, நாகர்கோவிலில் உள்ள அலுவலகம் வழியாகவே மனுவை அனுப்பச் சொல்லலாம்.

வக்கீலிடம் கொடுத்த கேஸ் கட்டைத் திருப்பி வாங்கி, அசல் ஆதாரம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று எண்ணுங்கள். மண்டைக்காட்டு அக்கா இப்போது வாய்தாவுக்கு வாய்தா நோட்டோடு போகிறார். கம்மல் இன்னும் அடகில்தான் இருக்கிறது, முன்பணம் வாங்கிய வக்கீலிடம் அதைத் திருப்பிக் கேட்கப் போகும்போது என்னையும் கூட வரச் சொல்லியிருக்கிறார்.